கட்டணம் கட்டினால் இரசாயனவியல் ஆசிரியர் கிடைப்பாரா?

மாத்தளை மாவட்டத்தில் பிள்ளையைப் பணம் கட்டிப் படிப்பிக்க நினைக்கும் தமிழ்ப் பெற்றோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கில மொழிமூல சர்வதேச பாடசாலைதான். ஆகவே அரச பாடசாலையா, தனியார் பாடசாலையா என்ற கேள்வி இங்கே வெறும் பணக்கணக்கு அல்ல. பிள்ளை எந்த மொழியில் சிந்திக்கும், எந்தப் பரீட்சை எழுதும், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் என்பவை எல்லாம் முதலாம் தர அனுமதிப் படிவத்தோடு பாதி முடிவாகிவிடுகின்றன.

இந்த நிலை சட்டங்களின் வழியே உருவானது. 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால், அரசின் நிதியுதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. 1873 இல் அங்கிலிக்கன் மிஷனரிகள் மாத்தளையில் தொடங்கிய புனித தோமையார் கல்லூரி இன்று கட்டணமில்லாத அரச பாடசாலை. 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறப்பதையும் 1961 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. அந்தத் தடை நீங்காத நிலையில், திறந்த பொருளாதாரத்துக்குப் பின் வந்த சர்வதேச பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் வியாபார நிறுவனங்களாகப் பதிவு பெற்றன. அரச பாடசாலையைப் போல வலயக் கல்விப் பணிமனையின் மேற்பார்வை அவற்றுக்கு இல்லை. ஆசிரியரின் தகைமையையும் கட்டணத்தின் அளவையும் நிருவாகமே தீர்மானிக்கிறது. அரசு தரும் பாடநூலும் சீருடைத் துணியும் அங்கே எட்டுவதில்லை.

மாதக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. அனுமதிக் கட்டணம், வைப்புப் பணம், வேன் கூலி, ஆங்கிலப் புத்தகங்கள் என்று பட்டியல் நீளும். சர்வதேச பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் லண்டன் பரீட்சைகளின் கட்டணம் ஸ்டேர்லிங் பவுணில் கணக்கிடப்படுவதால், 2022 இல் ரூபா சரிந்தபோது அதே பரீட்சைக்குப் பெற்றோர் பல மடங்கு கவலையோடு பணம் தேட நேர்ந்தது. பெருந்தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ரத்தோட்டை, எல்கடுவை மலைகளில் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி எழவே வழியில்லை. தம்புள்ளை மரக்கறி வியாபாரி, மாத்தளை நகரக் கடைக்காரர், வெளிநாட்டில் உழைப்பவரின் குடும்பம் ஆகியோரே இதை எடைபோடுகிறார்கள்.

அரச பாடசாலையும் முழுக்க இலவசமல்ல. வசதிகள் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான டியூஷன் எல்லாம் உண்டு. உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ எடுத்த பிள்ளை சனி, ஞாயிறுகளில் கண்டி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது. ஆயினும் இந்தச் செலவைக் குடும்பம் தன் வசதிக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம், ஒரு தவணை நிறுத்தியும் வைக்கலாம். சர்வதேச பாடசாலையில் தவணைப் பணம் தவறினால் பிள்ளையின் இடமே ஆட்டம் காணும்.

செலவுக்குப் பலன் உண்டா என்பதைப் பல்கலைக்கழக வாசலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியைக் கொண்டு நடக்கிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படுகிறது. லண்டன் உயர்தரம் எழுதியவருக்கு இந்தப் பிரதான வழி மூடியே இருக்கிறது. வெளிநாட்டுத் தகைமைக்கு மிகச் சிறிய ஒதுக்கீடு மட்டும் உண்டு. ஆகவே முதலாம் தரத்தில் தொடங்கிய கட்டணம் பதின்மூன்றாம் தரத்தோடு முடிவதில்லை. தனியார் பட்டத்துக்கோ வெளிநாட்டுக்கோ இன்னொரு பெருந்தொகை தேவைப்படும். அந்தத் தொகையும் கையிலுள்ள குடும்பத்துக்கு இந்தப் பாதை பொருந்தும். இல்லாத குடும்பம் நடுவழியில் நின்றுவிடும். உள்ளூர்ப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் நடத்தும் தனியார் பாடசாலைகளும் உள்ளன. ஆனால் அந்தப் பிள்ளையும் எழுதப்போவது அரச பாடசாலைப் பிள்ளை எழுதும் அதே பரீட்சையைத்தான்.

சிறிய வகுப்பு, சரளமான ஆங்கிலப் பேச்சு, ஆசிரியரின் தவறாத வரவு என்று தனியார் பாடசாலையை ஆதரிப்போர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அரச பாடசாலையில் ஆங்கிலம் மட்டுமே குறையென்றால் அதற்கென ஒரு நல்ல மாலை வகுப்புப் போதும்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ளவை 1ஏபி பாடசாலைகள். 1சி பாடசாலைகளில் கலை, வர்த்தகப் பிரிவுகள் மட்டுமே உண்டு. இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். மூன்றாம் வகை ஆரம்ப வகுப்புகளோடு, மிஞ்சினால் எட்டாம் தரத்தோடு முடியும். தோட்டப் புறங்களில் அதிகம் காணப்படுபவை இந்தக் கடைசி இரண்டு வகைகளே. மாவட்டத்தில் தமிழில் பௌதிகவியலும் இரசாயனவியலும் இணைந்த கணிதமும் கற்க விரும்பும் பிள்ளைக்கு நகரத்தின் சில கல்லூரிகளே கதி.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் பொறுப்பு 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்ட நிருவாகத்திடம் விடப்பட்டது. லயத்தின் ஒரு மூலையில் ஒற்றை ஆசிரியரோடு நடந்த பள்ளிகள் அவை. 1945 இன் இலவசக் கல்வி அந்த மலைகளில் ஏறவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977 இல்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகள் மூன்று தசாப்தங்கள் முன்னே போய்விட்டார்கள். பிறகு கட்டடங்கள் வந்தன. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. 2015 ஐ ஒட்டி ஆசிரிய உதவியாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு முதலில் கிடைத்தது மாதம் 6,000 ரூபா. அந்தக் கொடுப்பனவை நம்பி விஞ்ஞானப் பட்டதாரி எவரும் ரத்தோட்டை மலையேறி வந்திருக்க மாட்டார்.

மாத்தளை அந்த 16 பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இல்லை. அதே மாகாணத்தைச் சேர்ந்த நுவரெலியா இருக்கிறது. ஆகவே கந்தேநுவரத் தோட்டப் பிள்ளைக்கு 5 வீதச் சலுகை கிடையாது. மாவட்ட ஒதுக்கீட்டில் மொழிப் பிரிப்பும் இல்லை. ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த நகரக் கல்லூரி மாணவனோடு, இரசாயனவியல் ஆசிரியரையே காணாத பிள்ளை ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இஸட் புள்ளி பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்தும். பாடசாலைகளின் வறுமையைச் சமப்படுத்தாது.

இந்தக் குறையைக் கட்டணப் பாடசாலையால் தீர்க்க முடியாது. அது தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க வந்ததல்ல. அதற்கு மாறாக, குரல் உள்ள பெற்றோர் அங்கே ஒதுங்கும்போது அரச பாடசாலையின் கூட்டங்களில் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது. எழுதத் தெரிந்தவர், அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர் விலகிவிட்டால் ஆசிரிய வெற்றிடங்கள் வெற்றிடங்களாகவே கிடக்கும்.

பட்டம் வரை செலவழிக்க வசதியுள்ள குடும்பத்துக்கும், பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்த குடும்பத்துக்கும் சர்வதேச பாடசாலை பயன் தரும். மாத்தளையின் மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்கு அது செலவுக்கேற்ற பலனைத் தருவதில்லை. கட்டணத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஆங்கில வகுப்புக்கும் உயர்தர டியூஷனுக்கும் போதும். மிச்சமாகும் நேரத்தையும் குரலையும் பெற்றோர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். தமிழ் மொழிமூல விஞ்ஞான, கணித ஆசிரிய வெற்றிடங்களைப் பாடசாலை வாரியாக எழுதி, வலயப் பணிமனையிடமும் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் எழுத்தில் பதில் கேட்பதே அவர்களின் முதல் வேலை.