மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு

வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் மாத்திரை உட்கொண்டும் முகம் தெளியாதிருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? “மனசு வைத்தால் சரியாகிவிடும்” என்கிறோம். ஈமானின் பலவீனம் என்றே தீர்ப்பளித்துவிடுவோரும் உண்டு. தீர்ப்பு வழங்குமுன், மருத்துவர்கள் இதனை எவ்வாறு அளக்கின்றனர் என்பதைச் சற்றே அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வெவ்வேறு மனச்சோர்வு மருந்துகளை, உரிய அளவில், ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் உட்கொண்டும் போதிய பலன் கிட்டாத நிலையையே மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு எனப் பெரும்பாலோர் வரையறுக்கின்றனர். ‘உரிய அளவில்’ என்பதே இதில் உயிரான சொல். பத்து நாளில் நிறுத்தியவரும், பாதி மாத்திரை உண்டவரும் இக்கணக்கில் சேரார். பாடமே நடத்தாமல் பிள்ளை தேறவில்லை என்று சொல்லும் உஸ்தாதின் கதையாகிவிடும் அது! தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும், இருதுருவ மனநோயை வெறும் சோர்வெனக் கருதியிருந்தாலும் மருந்து தோற்றது போலவே தோன்றும்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரிடம் நடந்த ‘ஸ்டார்-டி’ ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முதல் மருந்தில் முழுமையாகத் தெளிந்தவர் மூன்றில் ஒருவரே. மூன்றாம், நான்காம் கட்டங்களுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 13, 14 பேர்தாம் தெளிந்தனர். ஆக, மருந்து பலிக்காமை நோயாளியின் குற்றமன்று.

சர்க்கரை நோய்க்கு இருப்பது போல் இதற்கும் ஓர் இரத்தப் பரிசோதனை உண்டா? மருத்துவமனைகளில் வழக்கமாகப் பயன்படுத்தத்தக்கது இன்னும் இல்லை. தடயங்கள் உண்டு. உடலில் அழற்சி மிகும்போது இரத்தத்தில் ‘சி-ரியாக்டிவ் புரோட்டீன்’ உயரும். அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தார், மூட்டுவாதத்திற்குத் தரப்படும் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் அழற்சி நீக்கி மருந்தை இத்தகைய நோயாளிகள் 60 பேரிடம் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டனர். மொத்தத்தில் அது போலி மருந்தை விஞ்சவில்லை. ஆயினும் அப்புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் நன்மை தென்பட்டது. குறைவாக இருந்தவர்கள் போலி மருந்திலேயே கூடுதலாகத் தேறினர். ஒரே பெயரின் கீழ் பல நோய்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

வழிகள் அடைபட்டுவிடவில்லை. லித்தியம் சேர்த்துத் தரலாம். மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் மின் அதிர்வுச் சிகிச்சை, திரைப்படங்கள் காட்டும் கொடுமையன்று. கடுமையான சோர்வுக்கு இன்றும் மிகுந்த பலன் தருகிறது. மூக்கின் வழி செலுத்தும் எஸ்கெட்டமைனுக்கு 2019இல் அமெரிக்கா அனுமதியளித்தது.

அடுத்த முறை மருத்துவரைக் காணச் செல்கையில், இதுவரை உட்கொண்ட மருந்துகளின் பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுந்தால் அந்நாள் வரை காத்திராதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள்.