யார் விரலுக்கும் திறக்கும் துப்பாக்கிப் பெட்டி

அமெரிக்க வீடுகளில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் கைரேகைப் பெட்டிக்குள்ளும் ஒரு குட்டி கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. பழைய மோடங்களில் ‘அட்மின்’ என்றே பாஸ்வேர்டு இருக்குமே, அதே சங்கதி இங்கும் உண்டு. நம் ரேகையைப் பதியும் வரை சில பெட்டிகள் யார் விரல் வைத்தாலும் திறக்கும்! பதிந்த பிறகும் அப்படித் திறந்ததாகப் புகார் வந்து, 2023 அக்டோபரில் சுமார் 61,000 பெட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் ஒன்றிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் இறந்திருந்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சாவியை மட்டும் பயன்படுத்தச் சொன்னார்கள்.

பெட்டியைச் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியதும், காலியாக வைத்தே ரேகையைப் பதிய வேண்டும். பிறகு பதியாத விரல்களையும், வீட்டில் மற்றவர்கள் விரல்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்குத் திறந்தாலும் கடைக்கே திருப்பிவிடலாம். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு. நீங்கள் நகைக்கு வாங்கும் கைரேகை லாக்கருக்கும் இதே சோதனைதான்.