வென்ற அணியா, மனம் கவர்ந்த அணியா?

ஒரு வீட்டிலே இரு புதல்வர்கள். மூத்தவன் வெறுங்கையுடன் வீடு திரும்பியவன். இளையவனோ இருபத்து நான்கு ஆண்டுகளாகத் தீராதிருந்த குடும்பக் கடனைத் தீர்த்து வைத்தவன். ஆயினும் ஊரார் கூடிப் பேசும்போதெல்லாம் மூத்தவனையே புகழ்கின்றார்கள் என்றால் நாம் வியப்படைய மாட்டோமா? உதைபந்தாட்டத்தை உயிரெனப் போற்றும் பிறேசில் நாட்டில் இத்தகைய விந்தையொன்று நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. அங்கு மூத்த புதல்வன் 1982ஆம் ஆண்டின் தேசிய அணி. இளைய புதல்வன் 1994ஆம் ஆண்டின் அணி.

இவ்வழக்கின் வேரை அறியவேண்டுமாயின் நாம் 1970ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு மெக்சிக்கோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பிறேசில் ஆறு ஆட்டங்களில் ஆடி ஆறிலும் வென்றது. 19 கோல்களைப் போட்டது. இறுதியாட்டத்தில் இத்தாலியை 4–1 என்ற கணக்கில் வீழ்த்தி, மூன்றாம் முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அழகும் வெற்றியும் ஓருயிரும் ஈருடலுமாய் இணைந்து நின்ற காலம் அது. அதன்பின் அவை பிரிந்தன.

1982இல் ஸ்பெயினுக்குச் சென்ற அணிக்கு ரெலே சன்ரானா பயிற்றுநர். மருத்துவப் பட்டம் பெற்றவரான சோக்ரட்டீஸ் தலைவர். சீக்கோ, ஃபல்காவோ முதலிய வல்லுநர்கள் நடுவரிசையில் நின்றனர். முதல் நான்கு ஆட்டங்களில் 13 கோல்கள். ஜூலை 5ஆம் திகதி பார்சிலோனா நகரில் இத்தாலியைச் சந்தித்தபோது, ஆட்டம் சமநிலையில் முடிந்தாலே பிறேசிலுக்குப் போதுமானதாயிருந்தது. இருமுறை பின்தங்கி, இருமுறையும் சமன் செய்தார்கள். 68ஆவது நிமிடத்தில் 2–2. வேறெந்த அணியாயினும் அக்கணமே கதவை அடைத்துத் தாளிட்டிருக்கும். இவர்களோ முன்னேறிச் சென்று கொண்டேயிருந்தார்கள். ஆறு நிமிடங்களின் பின் இத்தாலிய வீரர் பாவோலோ ரொஸி தமது மூன்றாவது கோலையும் போட்டார். பிறேசில் வீடு திரும்பியது. இத்தாலி கிண்ணத்தை வென்றது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1994இல் அமெரிக்காவுக்குச் சென்ற அணியின் பயிற்றுநர் கார்லோஸ் அல்பேர்ட்டோ பரெய்ரா நிதானம் மிக்கவர். பின்வரிசைக்கு முன்னே டுங்கா, மௌரோ சில்வா என்னும் இருவரை அரணாக நிறுத்தினார். ஏழு ஆட்டங்களில் எதிரணிகள் போட்ட கோல்கள் மூன்றே; பிறேசில் போட்டவை 11. இறுதியாட்டத்தில் 120 நிமிடங்கள் ஆடியும் இரு அணிகளும் ஒரு கோலேனும் போடவில்லை. தண்ட உதைகளால் 3–2 என இத்தாலியை வென்று, நான்காம் முறையாகக் கிண்ணம் பிறேசில் வந்து சேர்ந்தது.

இங்கே உண்மையான உடன்பிறப்புக் கதையொன்றும் உண்டு. 1994ஆம் ஆண்டின் அணிக்குத் தலைவராகத் தொடங்கியவர் ராயீ. சோக்ரட்டீஸின் இளைய சகோதரர். முதற் சுற்றின்பின் அவர் தம் இடத்தை இழந்தார்; தலைமைப் பொறுப்பு டுங்காவின் கைக்குச் சென்றது. கலைஞனின் இடத்தைக் காவலன் பெற்றான் என்று பழைய பாணியினர் பெருமூச்செறிந்தனர்.

அன்று தொட்டு இரசிகர்கள் இரு சாராராகவே நிற்கின்றனர். ஒரு சாரார் விரும்புவதைக் ‘கலை உதைபந்தாட்டம்’ என்றும், மற்றச் சாரார் வேண்டுவதைப் ‘பெறுபேற்று உதைபந்தாட்டம்’ என்றும் அந்நாட்டவர் வழங்குவர். “கணக்குப் பார்த்து ஆடுவதாயின் கணக்கப்பிள்ளைகளை அனுப்பலாமே, ஆட்டக்காரர் எதற்கு?” என்பது முன்னவர் வாதம். “அழகை அலுமாரியில் வைத்துப் பூட்டமுடியுமா? கிண்ணத்தை அல்லவா வைக்கலாம்!” என்பது பின்னவர் வாதம்.

பின்னவரின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. 1950இல் ரியோ நகரின் மரக்கானா அரங்கில் உருகுவேயுடன் ஆடியபோதும் பிறேசிலுக்குச் சமநிலையே போதுமானதாயிருந்தது. முதற் கோலைப் போட்ட பின்னும் 1–2 எனத் தோற்றது. கோல் காப்பாளர் பர்போசா, 2000ஆம் ஆண்டில் கண்மூடும் வரையில் அப்பழியைச் சுமந்தார். தோல்வி ஒரு மனிதனின் வாழ்வையே இருளாக்கும் நாட்டில், எச்சரிக்கையாய் ஆடுபவனைக் கோழை என்று இகழ்வது நீதியாகுமா?

மேலும், இருசாராரும் தம் கட்சிக்காக உண்மையைச் சற்று வளைத்தே பேசுகின்றனர். 1982இல் இத்தாலி கதவடைத்து மட்டும் வெல்லவில்லை. மூன்று கோல்களைப் போட்டே வென்றது. 1994இன் அணியிலும் றொமாரியோ, பெபேற்றோ என்னும் இரு கூரிய அம்புகள் இருந்தன. காலிறுதியில் நெதர்லாந்தை 3–2 என வென்ற ஆட்டத்தை எவரும் உயிரற்றது எனக் கூறார்.

அழகாய் ஆடுபவர் வெல்லமாட்டார் என்ற கூற்றுக்கும் சன்ரானாவே மறுமொழி தந்தார். சாவோ பாவ்லோ கழகத்தின் பயிற்றுநராக 1992, 1993 ஆகிய இரு ஆண்டுகளிலும் தென்னமெரிக்கக் கழகங்களின் கிண்ணத்தை அவர் வென்றார். 1992இன் இறுதியில் ரோக்கியோவில் பார்சிலோனாக் கழகத்தை 2–1 என வீழ்த்தியபோது இரு கோல்களையும் போட்டவர் யார் தெரியுமா? பின்னர் தேசிய அணியில் இடமிழந்த அதே ராயீதான்!

நாம் இரு கட்சியினரையும் கேட்டபின் இவ்வாறே எண்ணுகின்றோம். பூட்டில்லாத வீடு புத்திசாலித்தனமன்று. ஆயினும் பூட்டுவதற்கென்றே ஒருவரும் வீடு கட்டுவதில்லை. காவல் வேண்டும், அந்தக் காவலுக்குள்ளே வாழ்வும் வேண்டும். கிண்ணத்தின் அடியில் வென்ற நாட்டின் பெயரைப் பொறிக்கின்றார்கள். அதில் 1982க்கு நேரே இத்தாலியின் பெயரே உண்டு. ஆயினும், அவ்வாட்டத்தைக் காணாத பிள்ளைகளை அருகிருத்தி, “நாம் அன்று எப்படித் தோற்றோம், தெரியுமா?” என்று பெருமையோடு சொல்லத் தொடங்கும் தந்தையர் பிறேசிலில் இன்றும் உளர். தோல்வியைப் பெருமையோடு சொல்ல வைப்பதும் ஒருவகை வெற்றியே அன்றோ!