ஆண்டிபட்டிக் காற்றுக்கு விண்ணிலிருந்து மணி

தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியே இறங்கும் மாதங்களில் ஆண்டிபட்டி வட்டாரக் காற்றாலைகளுக்கு ஓய்வு கிடையாது. காற்றின் வேகத்தையும் திசையையும் கோபுரத்தில் கட்டிய கருவிகள் அளக்கும். அடியில் பெட்டிக்குள் இருக்கும் டேட்டா லாகர், வழக்கமாகப் பத்து நிமிடச் சராசரியாக அதைப் பதிந்துவைக்கும். கூடவே நேரத்தையும் பதியும். அந்த நேரம் பிசகினால், அளவு சரியாக இருந்தும் பிரயோசனமில்லை.

சாதாரண லாகருக்குள் நேரம் காட்டுவது, கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே குவார்ட்ஸ் படிகம்தான். நொடிக்கு 32,768 முறை அதிரும். வெயிலுக்கும் குளிருக்கும் அந்த எண்ணிக்கை மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு மாறினாலே நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்குச் சுமார் 50 நொடி தள்ளிப்போகும்.

காற்றின் சராசரிக்கு இது பெரிதல்ல. அதே காற்றாலையின் மின்சாரத்துக்கு இது ஒத்துவராது. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை தென்மாநிலங்களை நாட்டின் மின்தொகுப்போடு இணைத்தது. அதுமுதல் ஆண்டிபட்டியும் டெல்லியும் ஒரே 50 ஹெர்ட்ஸில் இயங்குகின்றன. ஓர் அலைக்கு 20 மில்லிநொடி. அதற்கு முந்தைய ஆண்டு, ஜூலை 30, 31 ஆகிய இரு நாளும் வடஇந்தியா இருண்டபோது, தொடர் துண்டிப்பின் தொடக்கம் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை. இப்படி எது முதலில் ட்ரிப் ஆனது, எது அடுத்தது என்று வரிசைப்படுத்த வேண்டுமானால், பல நூறு கிலோமீட்டர் தள்ளித் தள்ளி இருக்கும் பதிவுக் கருவிகள் எல்லாம் ஒரே கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் கடிகாரம் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் அணுக்கடிகாரங்களைச் சுமக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், ரிசீவர் தன் இடத்தோடு தன் கடிகாரத்தின் பிழையையும் கணக்கிட்டுவிடும். பிறகு நொடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அதன் பிழை மைக்ரோநொடிக்கும் கீழே. 50 ஹெர்ட்ஸ் அலையில் ஒரு மைக்ரோநொடி என்பது 0.018 பாகைதான்.

துடிப்பு, நொடி பிறந்ததை மட்டுமே சொல்லும். எந்த நொடி என்று சொல்லாது. தேதியும் மணியும் தனிச் செய்தியாகச் சற்றுத் தாமதித்து வரும். இரண்டையும் லாகர் சரியாகக் கோக்காவிட்டால், துல்லியமாக ஒரு முழு நொடி தவறும். இன்னொரு சிக்கலும் உண்டு. லீப் நொடிகளைச் சேர்க்காத ஜி.பி.எஸ். நேரம், 2017 முதல் உலகப் பொதுநேரத்தைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. இந்த வித்தியாசத்தை அறிந்துகொள்ள, புதிதாக இயக்கிய ரிசீவருக்குப் பன்னிரண்டரை நிமிடம்வரை ஆகலாம். அதற்குள் பதிந்த நேரத்தை நம்பக் கூடாது.

நம் நாட்டின் நாவிக் செயற்கைக்கோள் அமைப்பும் இந்த வேலைக்கு உதவும். 2023 மே 29-இல் ஏவப்பட்ட என்.வி.எஸ்-01, இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் கடிகாரத்தோடு சென்றது.

அந்த வித்தியாசத்தைத் திருத்தி ரிசீவர் தருவது உலகப் பொதுநேரம். பதிவில் 9.30 என்றிருந்தால், ஆண்டிபட்டியில் அப்போது பிற்பகல் 3 மணி. ஆகவே எந்த நேரக் கணக்கு என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். மைக்ரோநொடிவரை திருத்திய பதிவைக்கூட அந்த ஒரு வரி விடுபட்டால் ஐந்தரை மணி நேரம் தப்பாகத்தான் படிப்போம்.