சத்திரசிகிச்சைக்குப் பின் குருதி கட்டிபடாமல் காப்போம்

புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த ஒருவரை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் நாம் முதலில் சொல்வது, "அசையாமல் படுத்திருங்கோ" என்பதுதான். அன்பினால் சொல்கிறோம். ஆயினும் நாட்கணக்கில் அசையாதிருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஓடாத வாய்க்காலில் சேறு படியும். நடக்கும்போது கெண்டைச்சதை சுருங்கி விரிந்து, குருதியை இதயத்தை நோக்கி இறைக்கிறது. படுத்தே கிடப்பவரின் கால் நாளங்களில் குருதி மந்தமாக ஓடிக் கட்டிபடுகிறது. இத்துடன், சத்திரசிகிச்சையில் நாளங்கள் காயப்படுகின்றன. புற்றுநோயும் குருதி உறையும் தன்மையைக் கூட்டுகிறது. பிரெஞ்சு வைத்தியர் துரூசோ 1865 இலேயே இத்தொடர்பை எடுத்துக் கூறினார். காலில் உண்டான குருதிக்கட்டி கழன்று சென்று சுவாசப்பையின் குழாய்களை அடைத்தால் திடீர் மரணம் நேரலாம்.

இதனைத் தடுக்க நாம் செய்யக்கூடியவை:

1. வைத்தியர் அனுமதித்தவுடன் நோயாளியை எழுப்பி நடத்துங்கள். படுக்கையிலும் பாதங்களை அடிக்கடி மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். நீண்ட பஸ் பயணத்திலும் இவ்வாறே செய்யலாம்.

2. குருதி உறைவதைக் குறைக்கும் ஹெப்பரின் வகை ஊசிகளை, சொன்ன நாள்வரை தவறாது போடுங்கள். 2002 இல் வெளியான ஆய்வொன்றில், வயிற்றிலும் இடுப்புப் பகுதியிலும் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை பெற்றோர் பரிசோதிக்கப்பட்டனர். ஏறத்தாழ ஒரு வாரம் மட்டும் இவ்வூசி பெற்றவர்களுள் 100 க்கு 12 பேரிடம் குருதிக்கட்டி காணப்பட்டது. நான்கு வாரம் பெற்றவர்களுள் 100 க்கு 5 பேரிடமே காணப்பட்டது. ஆகவே, "காயம் ஆறிவிட்டதே, இனி ஊசி எதற்கு?" என்று நிறுத்திவிடாதீர்கள். தோலுக்கடியில் போடும் இவ்வூசியை வீட்டார் தாதியரிடம் பழகிக்கொள்ளலாம்.

3. வைத்தியரைக் கேளாமல் அஸ்பிரினோ நோ மாத்திரைகளோ கொடுக்கவேண்டாம். குருதி கசிவது கூடும். காயத்தில் குருதி வடிந்தாலோ மலம் கறுத்துப் போனாலோ உடனே வைத்தியசாலைக்கு அறிவியுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி, நொந்து, சூடேறினால் எண்ணெய் பூசி உருவவேண்டாம்; கட்டி கழன்றுவிடக்கூடும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, இருமலில் இரத்தம் ஆகியவை தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்காது அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இடம்பெயர்ந்து வாழ்வோர் வேறிடம் செல்ல நேர்ந்தால், வைத்தியசாலைத் துண்டைக் கட்டாயம் உடன் கொண்டு செல்லவேண்டும். எந்த ஊசி, எத்தனை நாள், எத்தனை போட்டாயிற்று என்பதைப் புதிய வைத்தியர் அதிலிருந்தே அறிந்துகொள்வார்.