மேகம் விலகினால் வரும் விமானம்

அருணாசலப் பிரதேசத்தின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவன ஆறுகளே. காமெங், சுபன்சிரி, சியாங், திபாங், லோகித் என ஐந்தும் வடக்கிலிருந்து தெற்காக மலைகளை அறுத்துக்கொண்டு இறங்குகின்றன. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குச் செல்ல விரும்பியவர், நெடுங்காலம் அஸ்ஸாம் சமவெளிக்கு இறங்கி, மீண்டும் மலையேற வேண்டியிருந்தது. 83,743 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாநிலத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 14 லட்சம் பேரே வாழ்கின்றனர். இத்தகைய நிலத்தில் விமானம் ஆடம்பரம் ஆகாது.

மாநிலத்தின் ஓடுபாதைகள் பலவும் முதலில் படைத்துறையின் தேவைக்காகத் தோன்றியவை. மெச்சுகா, வாலோங், துதிங், பாசிகாட் ஆகியவை விமானப் படையின் முன்னணித் தரையிறங்கு தளங்கள். மூன்று புறமும் மியான்மர் சூழ்ந்த விஜயநகரின் நிலை இன்னும் கடினம். அங்கிருந்து மியாவோ நகரம் 157 கிலோமீட்டர். இடையில் நம்தபா வனம். மழையில் பாதை கரைந்துவிட்டால் நாள்கணக்கில் நடக்க வேண்டும். அங்கு வாழும் லிசு மக்களும், அஸ்ஸாம் ரைபிள்ஸ் படையிலிருந்து ஓய்வுபெற்றோர் குடும்பங்களும் நோயாளியை அனுப்பவும் அரிசி பெறவும் வானத்தைப் பார்த்தே இருந்தனர்.

பொதுமக்களுக்கான பயணிகள் விமானம் அண்மைக் காலத்தில் வந்ததே. 2018 மே மாதத்தில் பாசிகாட்டில் முதல் பயணிகள் விமானம் இறங்கியது. 2022 ஏப்ரல் 12 அன்று, கான்பூரில் உருவான 17 இருக்கை டோர்னியர் 228 விமானம் திப்ருகரிலிருந்து அதே பாசிகாட்டுக்குப் பறந்தது.  தலைநகர் இட்டாநகருக்கோ 2022 நவம்பர் வரை விமான நிலையமே இல்லை! அண்டை மாநிலத்தின் லீலாபாரியில் இறங்கிச் சாலைவழி செல்ல வேண்டும். இப்போது ஹோலோங்கியில் 2,300 மீட்டர் ஓடுபாதையுடன் டோன்யி போலோ நிலையம் இயங்குகிறது. சூரியன், சந்திரன் என்பதே அப்பெயரின் பொருள்.

இனி, பணத்தின் கதைக்கு வருவோம். 17 பேரை ஏற்றிச் செல்லும் விமானம் கட்டணத்தால் மட்டும் பிழைப்பது அரிது. 2016இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டம் இருக்கைகளில் ஒரு பகுதிக்குக் கட்டண வரம்பு விதித்தது. தொடக்கத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய். நிறுவனத்துக்கு ஏற்படும் பற்றாக்குறையை மூன்றாண்டுகளுக்கு ஒரு நிதியம் ஈடுசெய்யும். அந்நிதியத்துக்குப் பெருநகர வழித்தடங்களில் புறப்படும் விமானங்களிலிருந்து தொகை பெறப்படுகிறது. சென்னையிலிருந்து தில்லி செல்லும் நமது வாசகரின் பயணச்சீட்டிலும் பாசிகாட் பயணியின் பங்கு சிறிது ஒளிந்திருக்கிறது. இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. நியாயமான பகிர்வென்றே கருதுகிறோம்.

ஆயினும் மூன்றாண்டுகள் முடிந்த பின்னர் என்ன? தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை நாடு முழுவதற்குமான விடையைத் தருகிறது. முதல் மூன்று சுற்றுகளில் வழங்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்றாண்டுகளை நிறைவு செய்தவை 112. அதன் பின்னும் நீடித்தவை 54 மட்டுமே. சமவெளி ஊரில் விமானம் நின்றால் இரவு ரயில் இருக்கும். மலையூரில் அவ்வாறு இல்லை. ஆகவே, எல்லா வழித்தடங்களுக்கும் ஒரே மூன்றாண்டு அளவுகோல் பொருந்துமா என்பது நமது ஐயம். மலைச்சாலைக்கு எவரும் இலாபக் கணக்குக் கேட்பதில்லையே.

அங்கு செல்ல எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சொல். உள்நாட்டினரும் எல்லைக்கோட்டு அனுமதிச்சீட்டை முன்னரே பெற வேண்டும். சிறு ஓடுபாதைகளில் மேகம் இறங்கினால் விமானம் வராது. எனவே திரும்பும் நாளிலேயே தில்லிக்கோ சென்னைக்கோ இணைப்பு விமானம் பதிவு செய்யாதீர்கள். ஒரு நாளேனும் கையிருப்பாக இருக்கட்டும்.