உயர்த்தப்பட்ட ஜீப்பின் பின்சக்கர பிரேக்

உயர்த்தப்பட்ட ஜீப் என்பது பாறையும் பள்ளமும் அடியில் தட்டாதிருக்க, உயரமான ஸ்பிரிங்குகளோ இடைக்கட்டைகளோ வைத்து, உடற்பகுதியை அச்சுக்கு மேலே கூடுதலாகத் தூக்கிய வண்டியாகும். இத்தகைய வண்டியின் பின் பிரேக்கைச் சரிசெய்வதிலும், அதன் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றுவதிலும் (பட்டறை வழக்கில் 'ஏர் எடுப்பது') தனிக் கவனம் தேவை.

தென்காசி மாவட்டத்தின் அச்சன்புதூர், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பேரூராட்சி. மேக்கரையும் அடவிநயினார் அணையும் அருகில் உள்ளன. செங்கோட்டையைத் தாண்டினால் தேசிய நெடுஞ்சாலை 744 புளியரை 'எஸ்' வளைவு வழியே ஆரியங்காவுக்கு ஏறுகிறது. ஏறும்போது எஞ்சின் திணறினால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது பிரேக் கைவிட்டால் நிலைமை வேறு.

செயல்படும் விதம்

பழைய ஜீப்புகளில் மட்டுமல்ல, 2020-இல் வெளிவந்த மகிந்திரா தாரிலும் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உண்டாகும் அழுத்தம், பள்ளியில் படிக்கும் பாஸ்கல் விதிப்படி, திரவத்தின் வழியே சக்கர சிலிண்டருக்குச் சென்று இரு ஷூக்களையும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் குமிழி இருந்தால் கால் தரும் அழுத்தத்தின் ஒரு பகுதி அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும்.

முதலில் ஷூ, பிறகு காற்று

பெடல் ஆழமாகப் போனால் உடனே ஏர் எடுக்கத் தொடங்குவது பரவலான தவறு. லைனிங் தேய்ந்து ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடினாலும் பெடல் ஆழமாகத்தான் போகும். ஒரு எளிய சோதனை உண்டு. இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்ததும் பெடல் உயர்ந்து கெட்டியானால் பெரும்பாலும் இடைவெளிதான் காரணம். பஞ்சுபோல் அமுங்கினால் காற்று. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கசிவையோ மாஸ்டர் சிலிண்டரையோ பார்க்க வேண்டும்.

ஷூவைச் சரிசெய்யும் முன் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல், பின் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்க வேண்டும். பழைய ஜீப்புகளில் பின்தட்டிலுள்ள அட்ஜஸ்டர் போல்ட்டையும், வேறு சிலவற்றில் தட்டின் துளை வழியே பற்சக்கரத்தையும் திருக வேண்டும். சக்கரம் உரசி நிற்கும்வரை இறுக்கி, தடையின்றிச் சுழலும்வரை சிறிது தளர்த்தினால் போதும். டிரம்மைக் கழற்றினால் உள்ளிருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

உயர்த்தியதால் வரும் சிக்கல்

சில வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைந்த, சுமையறியும் வால்வு உண்டு. பாரம் ஏறி உடற்பகுதி தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்புவது அதன் வேலை. வண்டியை உயர்த்தியதும், பின்னால் பாரமே இல்லை என்று வால்வு 'எண்ணி' அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. இதை எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீர்க்க முடியாது. உயர்த்திய அளவுக்கு ஏற்ப அந்தக் கம்பியின் தாங்கியை மாற்றியமைக்க வேண்டும். சட்டகத்திலிருந்து அச்சுக்கு வரும் ரப்பர் குழாயும் ஹேண்ட் பிரேக் கேபிளும், சக்கரம் முழுதாகத் தொங்கும்போது விறைக்காத நீளத்தில் இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் உரிமையாளர் மறக்கக் கூடாது.

ஏர் எடுத்தல்

இதற்கு இருவர் வேண்டும். அச்சு தொங்கினால் மேற்சொன்ன வால்வு ஓட்டத்தைக் குறைக்கலாம். ஆகவே வண்டியின் பாரம் அச்சின் மேலேயே இருக்கட்டும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள இடது பின்சக்கரத்தில் தொடங்குவார்கள். தயாரிப்பாளரின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. நிப்பிளில் மாட்டிய தெளிவான குழாயின் மறுமுனை, பிரேக் திரவம் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூடுகிறார். மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தினால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இதைத் தொடர வேண்டும். இடையில் மேல் தொட்டி காலியானால் முழு வேலையும் முதலிலிருந்துதான்.

'பிரேக் ஆயில்' என்று அழைத்தாலும் அது எண்ணெய் அல்ல. எஞ்சின் ஆயிலை ஊற்றினால் சிலிண்டரின் ரப்பர் பாகங்கள் உப்பிக் கெடும். டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. டாட் 3-க்கு வரையறுத்த குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், ஈரமேறிய நிலையில் 140 டிகிரி. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகித் திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகி, பெடல் தரைவரை போய்விடும். எனவே திறந்து கிடந்த பழைய டப்பாவைப் பயன்படுத்தக் கூடாது. குற்றாலச் சீசனில் ஓடை கடந்து வரும் வண்டிகளில் டிரம்முக்குள் நீர் புகுந்தும் பிடி குறையும். கரையேறியதும் மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாக அழுத்தினால் லைனிங் உலரும். வேலை முடிந்த வண்டியைச் சமதளத்தில் குறைந்த வேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்த்த பிறகே மலைப்பாதைக்குக் கொண்டுபோக வேண்டும்.